ஒரே பாஸ்வேர்டில் ஓடும் கடைகள்

நமது வர்த்தகர்கள் காசு லாச்சியின் திறப்பைக் கண்டவரிடம் கொடுப்பதில்லை. ஆனால் கடன் பட்டியல், கொள்வனவு விலை, சம்பள விபரம் எல்லாம் உள்ள கணனியை ஒரே பாஸ்வேர்டில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். புறக்கோட்டையில் நான் பார்த்த பல கடைகளில் முதலாளி, கணக்காளர், பில் போடும் தம்பி அனைவருமே 'அட்மினிஸ்ட்ரேட்டர்'தான்.

"எங்கட பொடியன்மார் நம்பிக்கையான ஆக்கள்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் கடன் பட்டியலில் ஒரு தொகை மாறியிருந்தால் மாற்றியவர் யார்? கணனிக்குத் தெரிந்தது ஒரே ஒரு பெயர். சந்தேகமோ பெரும்பாலும் சம்பளம் குறைந்தவர் மீதே விழுகிறது. கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் அல்குர்ஆனின் 2:282ஆம் வசனம், எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு நேரக் கூடாது என்றும் சொல்கிறது. நாம் முதற்பாதியோடு நின்றுவிடுகிறோம்.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிக் கணனியில் நுழைவதைக் குற்றமாக்கியுள்ளது. எல்லோருக்கும் எல்லா அனுமதியையும் கொடுத்துவிட்டு, அனுமதியற்றவர் இவர்தான் என எப்படி நிரூபிப்பது?

பலர் பாவிக்கும் கணனியில் இதற்கான ஏற்பாடு பழையது. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸில், 1970களிலேயே ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார். உரிமையாளர், குழு, ஏனையோர் என மூன்று தரப்புக்கும் வாசிக்க, எழுத, இயக்க வெவ்வேறாக அனுமதி கொடுக்கலாம். அதன் வழிவந்த லினக்ஸில் சாதாரண பயனர் தன் சொந்தக் கோப்பைக்கூட மற்றவர் பெயருக்கு மாற்ற முடியாது. நம் பொருளை நாம் கொடுக்கக் கூடாதா என்று தோன்றும். அனுமதித்தால், தனக்கு ஒதுக்கிய இடத்தை நிரப்பியவர் கோப்புகளை அடுத்தவர் கணக்கில் தள்ளிவிடுவார். தகாததை எழுதிவிட்டு இன்னொருவரை உரிமையாளராக்கியும் விடலாம். இந்தக் கெடுபிடி நியாயமானது என்பதே என் கருத்து.

விண்டோஸிலும் 1993இல் வந்த என்.டி. முதல் இவ்வசதி உண்டு. செலவில்லை, ஒரு பின்னேர வேலை. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரில் சாதாரண கணக்குத் திறவுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் முதலாளியிடம் இருக்கட்டும். அவரும் அன்றாட வேலைக்கு அதைப் பாவிக்க வேண்டாம்.

ஒன்றைக் கவனியுங்கள். லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அக்கோப்பில் அல்ல, அது இருக்கும் ஃபோல்டரில் தங்கியுள்ளது. விண்டோஸிலும் ஃபோல்டருக்கு முழு அதிகாரம் பெற்றவர் உள்ளிருப்பதை அழிக்கலாம். சம்பளக் கோப்பைப் பூட்டிவிட்டு ஃபோல்டரைத் திறந்து வைத்தால், அதை வாசிக்க முடியாதவரும் அழித்துவிடுவார்.