பாட்டியின் பாட்டி வாழ்ந்த வீடு

விக்டோரியா மகாராணியார் காலத்து (1837–1901) ஆங்கிலேயர் இல்லங்களைப் பாடங்களிலும் கதைகளிலும் படிக்கின்றோம். கணப்படுப்பு, விருந்தினர் கூடம், பணிப்பெண்ணின் மாடியறை எல்லாம் அறிவோம். அதே காலத்தில் நம் பாட்டியின் பாட்டி எவ்வாறு வாழ்ந்தார் என்று கேட்டால் விழிக்கின்றோம்!

தாம்பரத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத முட்டுக்காட்டில், 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இருக்கிறது. செட்டிநாட்டு வீடும், கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த சிரியன் கிறிஸ்தவர் வீடும் அங்கே உள்ளன. திண்ணை, முற்றம், நெற்களஞ்சியம் யாவற்றையும் கண்ணாரக் காணலாம்.

ஆனால், தோழியரே, தூண்களின் அழகை வியந்து திரும்பினால் போதுமா? திண்ணையில் அமர்ந்தவர் யார், அடுக்களைப் புகையில் நின்றவர் யார், எழுத்தறிந்தவர் யார் என்றும் கேட்க வேண்டாமா? இங்கிலாந்திலேயே 1880-இல்தான் சிறுவர் சிறுமியர் பள்ளி செல்வது கட்டாயமாயிற்று. இங்கே மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1869-இல் 'பெண்மதி மாலை' இயற்றிப் பெண்கல்விக்காக வாதாட வேண்டியிருந்தது.

ஆகவே இரு நாட்டு இல்லங்களையும் ஆசிரியர்கள் அருகருகே வைத்துக் கற்பிப்பார்களாக. நம் புறநகரின் ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகளாகி வருகின்றன. பெற்றோரும் தாத்தா பாட்டியரும் தாம் வளர்ந்த வீட்டை வரைந்து காட்டட்டும். எந்த அறையில் யார் உழைத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும்.