கிடைத்தால் என்ன செய்வாய்?



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. ஜொகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்.

"என் மகனுக்குப் பத்து வயது. எந்நேரமும் மந்திரவாதி, பறக்கும் தட்டு, வேற்றுக் கிரகம் என்று கதைப் புத்தகமே கதியாகக் கிடக்கிறான். கணக்கில் பின்தங்கிவிட்டான். போன வாரம் எல்லாவற்றையும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவன் அழவில்லை. ஆனால் அன்று முதல் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. நடக்காத கதைகளைப் படித்து என்ன ஆகப் போகிறது? நான் செய்தது சரிதானே அக்கா?"

சகோதரி, உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. எங்கள் வீட்டில் புத்தகத்தைப் பூட்டவில்லை, அடுப்பிலேயே போட்டோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1970-களின் நடுவில் நாங்கள் தோட்டத்து லயத்தில் இருந்தோம். தமிழ்நாட்டுக்குப் போய் வந்த மாமா, என் தம்பிக்கு ஒரு படக்கதைப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். 'இரும்புக்கை மாயாவி' கதை. உங்களில் பலர் படித்திருப்பீர்கள். 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்ற சிறுவர் இதழில் தொடங்கிய கதை அது. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழில் வந்தது. ஆய்வுக்கூட விபத்தில் ஒரு கையை இழந்தவனுக்கு இரும்பால் கை செய்து பொருத்துகிறார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. சிறிது நேரம் போனதும் உருவம் திரும்பிவிடும்.

தம்பிக்கு அப்போது ஒன்பது வயது. ஒருநாள் இரவு, தோட்டத்து மின்சார என்ஜின் நிற்பதற்கு முன்னால், வானொலிக்காக இருந்த பிளக்கில் ஆணியைச் சொருகினான். நல்ல வேளை, சுவிட்சு அணைத்திருந்தது. பிள்ளை பிழைத்தான். ஆனால் அப்பா நடுங்கிவிட்டார். பிறகு கோபம் வந்தது. புத்தகம் அடுப்புக்குப் போயிற்று. தம்பிக்கு முதுகில் நாலு அடி விழுந்தது. அத்தோடு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

போன தீபாவளிக்கு எல்லாரும் ஒன்றுகூடினோம். தம்பி இன்று பேரன் எடுத்தவன். பேச்சு வாக்கில், "ஏன்டா அன்னைக்கு ஆணிய விட்ட?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்.

"கடைக்குத்தான் அக்கா. அம்மா என் கையிலதான் 555 புத்தகத்தக் குடுத்து அனுப்புவாங்க. கடைக்காரர் பத்துப் பேருக்கு முன்னால, 'பழைய பாக்கி என்னாச்சு?'ன்னு கேப்பாரு. பள்ளிக்கூடம் போறதுக்கும் அந்தக் கடையத் தாண்டித்தான் போகணும். அவரு கண்ணுல படாம அந்த ஒரு இடத்தத் தாண்டிட்டாப் போதும்னு இருந்துச்சு. மாயாவிக்கு இரும்புக்கை தெரியும். எனக்குத்தான் இரும்புக்கை இல்லையே, முழுசா மறைஞ்சிடலாம்னு நெனச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று எனக்குப் பதின்மூன்று வயது. அதே வீட்டில், அதே விளக்கின் கீழ் இருந்தேன். அம்மாவும் இருந்தார், அப்பாவும் இருந்தார். "மறைந்து எங்கேடா போகப் போகிறாய்?" என்று ஒருவர்கூட அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடனை அடைத்திருக்க முடியாது. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பாமல் இருந்திருக்கலாம் அல்லவா?

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடக்காத கதையால் என்ன பயன்?

விஞ்ஞானக் கதை படித்தால் பிள்ளை விஞ்ஞானி ஆவான் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். படிக்கிறவர்கள் எல்லாரும் விஞ்ஞானி ஆவதில்லை. நான் சொல்வது வேறு. நல்ல மாயக்கதையும் நல்ல விஞ்ஞானக் கதையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: 'நீ ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, இனி என்ன செய்வாய்?'

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1897-இல் கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதையை எழுதினார். உடம்பு மறைந்துவிட்டது, ஆனால் உடுத்திய துணி தெரிகிறது. அதனால் கடுங்குளிரில் துணியில்லாமல் திரிய வேண்டிய நிலை. சாப்பிட்டால், செரிக்கும்வரை உணவு வெளியே தெரியும். யாரும் காணாதவன் யாருக்கும் வேண்டாதவனாகவும் போகிறான்.

1902-இல் ஈ. நெஸ்பிட் என்ற பெண் எழுத்தாளர் ஐந்து குழந்தைகளும் ஒரு மணல் தேவதையும் வரும் கதையை எழுதினார். நாளைக்கு ஒரு வரம். சூரியன் மறைந்தால் வரமும் மறையும். 'நாங்கள் பேரழகாக வேண்டும்' என்று கேட்கிறார்கள். அழகாகிவிட்டதால் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை, உள்ளே விட மறுக்கிறாள். பசியோடு வெளியே நிற்கிறார்கள். இன்னொரு நாள் பொன் நாணயம் கேட்கிறார்கள். பள்ளம் நிறையப் பொன் கிடைக்கிறது. ஆனால் அது பழங்கால நாணயம். கடைகளில் வாங்க மறுத்து, திருட்டுப் பணமோ என்று சந்தேகப்படுகிறார்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' இருக்கிறது. மந்திரம் பயிலும் பையன் ஒருவன், கூடப் படிப்பவனிடம் வீம்புக்காகச் செய்யக்கூடாத வித்தையைச் செய்கிறான். ஒரு கரிய நிழல் வெளியே வந்து அவனைத் துரத்துகிறது. ஓடி ஓடிக் களைத்தவன் கடைசியில் திரும்பி அதைத் தேடிப் போகிறான். அதற்குத் தன் சொந்தப் பெயரையே சூட்டி அழைத்த பிறகுதான் விடுதலை கிடைக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கும் உண்டு. மேடலின் லெங்கிள் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்' என்ற கதையைப் பல பதிப்பகங்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பின. 1962-இல் வெளிவந்து, மறு ஆண்டே அமெரிக்காவின் நியூபெரி பரிசைப் பெற்றது. அதன் நாயகி மூக்குக்கண்ணாடி போட்ட, பள்ளியில் பெயர் எடுக்காத, தன்னைத் தானே அழகில்லாதவள் என்று எண்ணும் பெண். காணாமல் போன தந்தையைத் தேடி வேற்றுக் கிரகத்துக்குப் போகிறாள். அங்கே சிக்கிய தம்பியை அவள் எந்த ஆயுதத்தாலும் மீட்கவில்லை, பாசத்தால் மீட்கிறாள்.

இவற்றில் எந்தக் கதையிலாவது மாயம் இலவசமாகக் கிடைத்ததா? நாம் 'அம்புலிமாமா'வில் படித்த வேதாளக் கதையும் இதே வழக்கம்தான். விடை தெரிந்தும் விக்கிரமாதித்தன் வாய் திறக்காவிட்டால் தலை வெடிக்கும். திறந்தால் வேதாளம் மரத்துக்கே திரும்பிவிடும். நாம் அதைப் படித்துக் கெட்டா போனோம்?

ஆனால் எல்லாப் புத்தகமும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். கதாநாயகன் ஒன்றையும் இழக்காமல், ஒன்றுக்கும் பொறுப்பேற்காமல், வெட்டிச் சாய்த்துக்கொண்டே போகும் கதைகளும் கடைகளில் கிடக்கின்றன. அவற்றைத் தாராளமாக ஒதுக்குங்கள். சிறு பிள்ளையாக இருந்தால், எது கதை, எது வீட்டில் செய்து பார்க்கக் கூடாதது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். என் தம்பி பிழைத்தது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல.

சகோதரி, இன்று மாலையே அந்த அலமாரியைத் திறந்துவிடுங்கள். முதலில் கணக்கு, பிறகு கதை என்று நேரம் வகுத்துக் கொடுங்கள். அதில் கண்டிப்பாகவும் இருங்கள். கணக்கு வரவில்லையென்றால் அதற்குக் காரணம் புத்தகம்தானா, பாடம் புரியவில்லையா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கைப்பேசியை விட்டு நகராத பிள்ளைகளைப் பற்றி எத்தனையோ தாய்மார்கள் எனக்கு எழுதுகிறார்கள். உங்கள் மகன் புத்தகம் படிக்கிறான்.

புத்தகத்தைக் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இந்தக் கதையில் வருகிற சக்தி உனக்குக் கிடைத்தால் என்னப்பா செய்வாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். புத்திமதி வேண்டாம். முதல் நாள் "ஒன்றுமில்லை" என்பான். இன்னொரு நாளும் கேளுங்கள். பறந்து போவேன் என்றால் எங்கிருந்து பறக்க நினைக்கிறான், பலசாலி ஆவேன் என்றால் யாருக்குப் பயப்படுகிறான் என்று மெல்லத் தெரியவரும். ஒருவேளை, ஆகாயத்தில் பறக்கிற ஆசை மட்டுமாகவும் இருக்கலாம். அப்படியானால் மகிழ்ச்சியாக அவனோடு சேர்ந்து நாலு பக்கம் படியுங்கள்.

அவன் என்ன பதில் சொன்னான் என்று எனக்கு எழுதவேண்டாம். அது உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். பேச ஆரம்பித்தானா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.