தொண்ணூறு நாள் கணக்கு

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெருவைக் காண விமானத்தில் வந்தவர்கள், 1999 வரை, காயலின் எதிர்க்கரையில் வெலிங்டன் தீவிலுள்ள கடற்படை விமான தளத்தில் இறங்கினார்கள். ஓடுபாதை குறுகியது, பெரிய விமானங்கள் அங்கு இறங்க இயலாது. நெடும்பாசேரியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூத ஜெபக்கூடத்தைப் பார்க்க வரும் வெளிநாட்டினரும், வளைகுடாவில் உழைத்து விடுமுறையில் ஊர் திரும்பும் மட்டாஞ்சேரிக்காரர்களும் இப்போது நெடும்பாசேரி வழியாகவே வருகிறார்கள். அவர்களில் கணிசமானோர் வந்திறங்குவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில். ஒரே இரவில் வளைகுடா சென்று திரும்பினால் விமானம் பகலில் வேறு தடத்துக்குக் கிடைக்கும் என்பது நிறுவனங்களின் கணக்கு.

விமானியின் கணக்கு வேறு. பயணிகள் விமானத்தை இயக்குபவர், முந்தைய 90 நாள்களுக்குள் அதே வகை விமானத்தில் குறைந்தது மூன்று முறை மேலெழுப்பி, மூன்று முறை தரையிறக்கியிருக்க வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. அங்கீகரிக்கப்பட்ட சிமுலேட்டரில் செய்தாலும் செல்லும். இந்தியாவும் இந்த அடிப்படையையே பின்பற்றுகிறது. அந்த மூன்றில் ஒன்றாவது இருளில் இருந்திருக்க வேண்டும் என்று இந்த சர்வதேச விதி கேட்பதில்லை. மூன்று முறையும் நண்பகல் வெயிலில் இறக்கியவர்கூட, நான்காவது முறையாகக் கொட்டும் மழையில் பின்னிரவு மூன்று மணிக்கு இறக்கத் தகுதி பெற்றவராகிவிடுகிறார்.

அமெரிக்காவில் சொந்தச் சிறு விமானத்தில் நண்பர்களை இரவில் ஏற்றிச் செல்பவருக்கு இதைவிடக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கி, உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு முடியும் இருளில், 90 நாள்களுக்குள் மூன்று முறை அவர் மேலெழுப்பி, முழுமையாக நிற்கும்வரை தரையிறக்கியிருக்க வேண்டும். அங்கும் பெரிய விமான நிறுவனங்களின் விமானிகளுக்குத் தனி விதிதான். ஐரோப்பாவில் இரவில் ஒரு முறை இறக்கியிருந்தால் போதும். கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதிச் சான்று இருந்தால் அதுவும் தேவையில்லை.

இதற்குச் சமாதானம் இல்லாமல் இல்லை. நிறுவன விமானிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் சோதிக்கப்படுகிறார்கள். கருவிகளின் துணையோடுதான் இறங்குகிறார்கள். ஆனால், கடைசிச் சில நூறு அடிகளில் பெரும்பாலும் கண்ணே கருவி. சுற்றிலும் விளக்கற்ற நீர்ப்பரப்போ மலையோ இருந்து, நடுவில் ஓடுபாதை விளக்குகள் மட்டும் மிதக்கும்போது உயரம் குறித்த மயக்கம் அனுபவசாலிகளுக்கும் ஏற்படும். கண்ணாடியில் மழை வழிந்தால் சொல்லவே வேண்டாம்.

கேரளம் இதை அறியும். 2011 ஆகஸ்ட் 29 அன்று, விடியும் முன் கனமழையில் கொச்சியில் இறங்கிய கல்ஃப் ஏர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகியது. 2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம், விடியற்காலையில் கொச்சியில் இறங்க முடியாமல் திருவனந்தபுரம் சென்று, எரிபொருள் தீரும் நிலையில் ஏழாவது முயற்சியில் தரை தொட்டது. 2017 செப்டம்பர் 5 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று பின்னிரவில் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, நிறுத்துமிடம் செல்லும் வழியில் மழைநீர்க் கால்வாயில் சிக்கியது. மூன்றிலும் உயிரிழப்பு இல்லை என்பது நல்லூழ்.

கோழிக்கோட்டுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், மழையில், பின்காற்று தள்ள, 2,700 மீட்டர் ஓடுபாதையின் ஏறத்தாழ பாதியைக் கடந்த பிறகே தரையைத் தொட்டது. பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரு விமானிகள் உள்பட 21 பேர் மாண்டனர். துணை விமானி மீண்டும் மேலெழும்பச் சொல்லியும் தலைமை விமானி அதை ஏற்கவில்லை, துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தன் கையில் எடுக்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. மறுநாள் காலையில் அவர் மற்றொரு விமானத்தை இயக்க வேண்டியிருந்ததையும், கோழிக்கோட்டில் தலைமை விமானிகள் போதிய எண்ணிக்கையில் இல்லாததையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டியது. தலைமை விமானிக்கு அனுபவக் குறைவு இல்லை. எனவே, இரவுப் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று வாதிடுவதற்கில்லை. களைப்பும் நெருக்கடியும் தனிக் கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் 2024 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் திருத்தியது. இரவுப் பணி என்பது நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை என்றிருந்தது, 6 வரை என நீட்டிக்கப்பட்டது. இரவுப் பணியில் ஆறு முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்தது, இரண்டாகக் குறைக்கப்பட்டது. 158 உயிர்களைப் பறித்த 2010 மங்களூர் விபத்தில், இரவுப் பயணத்தின் கணிசமான நேரம் தலைமை விமானி உறங்கியிருந்தார் என்று விசாரணையில் தெரியவந்து 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தன. அந்த விதியும் உடனே நடைமுறைக்கு வரவில்லை. நிறுவனங்களின் எதிர்ப்பால் ஒத்திவைக்கப்பட்டு, விமானிகள் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பிறகு, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக அமலுக்கு வந்தது. டிசம்பரில் இண்டிகோ போதிய விமானிகள் இன்றி ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. இயக்குநரகம் என்ன செய்தது? இரவு நேர வரையறை, இரண்டு தரையிறக்கம் என்ற இரு விதிகளிலிருந்தே அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. தயாராவதற்குப் போதிய கால அவகாசம் பெற்றும் தயாராகாத நிறுவனத்துக்கு, தயாராகாததையே காரணம் காட்டிச் சலுகை!

இன்னொரு முரண்பாடும் உண்டு. கோழிக்கோட்டில் விபத்து நடந்தபோது மணி இரவு 7.40. வானம் இருண்டிருந்தது, பணி நேர விதியின் கண்களில் அது இரவு அல்ல. உடல் சோர்வை அளக்கும் இரவு வேறு, கண் இருளும் இரவு வேறு. முதலாவதற்கு இந்தியாவில் விதி வந்துவிட்டது. இரண்டாவதற்கு 90 நாள் கணக்கில் இடம் வேண்டும்.

இரவுக்கு இரண்டு தரையிறக்கம் என்றான பிறகு இது மேலும் அவசியமாகிறது. வளைகுடா சென்று திரும்பும் பணியில் தரையிறக்கங்கள் இரண்டே. மோசமான வானிலையில் தலைமை விமானியே இறக்குவது வழக்கம். அப்படியானால், மழைக்காலத்தில் துணை விமானியின் கைக்கு வருவது எவ்வளவு? நாளை அவர்தான் தலைமை விமானி.

90 நாள்களில் குறைந்தது ஒரு மேலெழும்பலும் ஒரு தரையிறக்கமும் உண்மையான இரவில் நிகழ்ந்திருக்க வேண்டும். தவறினால் மழை இரவைக் காட்டும் சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம் என்று இயக்குநரகம் அறிவிப்பதில் பெரும் செலவு ஏதுமில்லை. விமானிகளின் பறத்தல் பதிவேடுகளில் இரவு நேரம் ஏற்கெனவே தனியாகக் குறிக்கப்படுகிறது. கூடவே, பணி நேர விதிகளிலிருந்து எந்த நிறுவனத்துக்கு, எந்தக் காரணத்துக்காக, எத்தனை நாள் விலக்கு அளிக்கப்படுகிறது என்பதை நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையைத் தொடும். அடுத்த பருவத்துக்கு முன்பே இவ்விரண்டையும் அமைச்சகம் செய்து முடிக்கலாம்.