நீதிபதி மாறலாம், நீதி மாறலாமா?

1975 ஜனவரி 2ஆம் தேதி பீகாரின் சமஸ்திபூர் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. படுகாயமடைந்த ரயில்வே மந்திரி லலித் நாராயண் மிஸ்ரா மறுநாள் இறந்தார். 1979-ல் வழக்கு டெல்லிக்கு மாற்றப்பட்டது. தீர்ப்பு வந்ததோ 2014 டிசம்பரில்! இடைப்பட்ட காலத்தில் அந்த வழக்கைக் கையிலெடுத்த நீதிபதிகள் இருபது பேருக்கு மேல். முதல் சாட்சியைக் கண்ணால் கண்ட நீதிபதி வேறு. தீர்ப்பு எழுதிய நீதிபதி வேறு.

நீதிபதியும் மனிதர்தான். அவருக்கும் நோய் வரும், ஓய்வு வயது வரும், சாவும் வரும். அதற்காக வழக்கு நின்றுவிட முடியாது என்பதை நாம் மறுக்கவில்லை. சட்டமும் இதற்கு வழி செய்திருக்கிறது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 350ஆவது பிரிவு. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 326ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 365ஆவது பிரிவு. முன்னவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்தே புதிய நீதிபதி வழக்கைத் தொடரலாம். நீதியின் பொருட்டு அவசியம் என்று அவர் கருதினால் சாட்சியை மீண்டும் அழைக்கலாம்.

‘அவர் கருதினால்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1955 வரை, மாஜிஸ்திரேட் மாறியதும் சாட்சிகளை மறுபடி விசாரிக்கும்படி கேட்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையாக இருந்தது. அந்த ஆண்டின் சட்டத் திருத்தம் அந்த உரிமையைப் பறித்து மாஜிஸ்திரேட்டின் விருப்பத்தில் விட்டது. 1978-ல் வந்த திருத்தம் செஷன்ஸ் நீதிபதிகளையும் இந்தப் பிரிவுக்குள் கொண்டு வந்தது. விளைவு என்ன? தூக்குத் தண்டனை விதிக்கும் அதிகாரம் பெற்றவர், ஒரு சாட்சியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், காகிதத்தைப் படித்தே தீர்ப்புச் சொல்லலாம்!

காகிதத்தில் சொல் இருக்கும், தயக்கம் இருக்குமா? குறுக்கு விசாரணையில் நா குழறியது இருக்குமா? சாட்சியின் நடவடிக்கை பற்றி நீதிபதி குறிப்பு எழுதலாம் என்று சட்டமே சொல்கிறது. நேரில் பார்ப்பதன் மதிப்பு சட்டத்துக்கும் தெரியும் என்றுதானே இதற்குப் பொருள்?

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் இன்னொரு கஷ்டமும் சேர்கிறது. நம் தொழிலாளி தமிழில் சாட்சி சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் தமக்குப் புரிந்த வரையில் அதை இந்தியிலோ மராத்தியிலோ சொல்கிறார். பதிவில் ஏறுவது அந்த மொழிபெயர்ப்பே. முதல் நீதிபதிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் ஆளையாவது பார்த்தார். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டார். அடுத்து வருபவருக்கு அதுவும் இல்லை.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கலாமா? கூடாது. சாட்சிகள் இறந்திருப்பார்கள், மிரட்டப்பட்டிருப்பார்கள். பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணை அந்தக் கொடுமையை மறுபடி மறுபடி சொல்லச் செய்வது இன்னொரு கொடுமை. விசாரணைக் கைதியின் சிறைவாசமும் நீளும்.

எனவே நோயின் மூலத்தைப் பார்க்க வேண்டும். சாவும் நோயும் எப்போதோ வருபவை. மாறுதல் உத்தரவோ காலம் தவறாமல் வருகிறது. முன்னது விதி, பின்னது நிர்வாகம். நிர்வாகத்தை மாற்ற முடியாதா? முடியும் என்பதற்குப் பாபர் மசூதி இடிப்பு வழக்கே சாட்சி. விசாரணை முடியும் வரை நீதிபதியை மாற்றக் கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2019-ல் அவர் ஓய்வு பெற வேண்டிய வேளையில் பதவிக் காலத்தையும் நீட்டிக்கச் செய்தது. 2020 செப்டம்பர் 30-ல் அவரே தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை ஏற்பதும் ஏற்காததும் வேறு விஷயம். பெரிய வழக்குக்குச் செய்ய முடிந்ததை ஏழையின் கொலை வழக்குக்கு ஏன் செய்யக் கூடாது என்பதே நம் கேள்வி.

நாம் கோருவது மூன்று. ஒன்று: கடும் தண்டனைக்குரிய வழக்குகளில் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால், அது முடிந்து தீர்ப்பு வரும்வரை நீதிபதியை மாற்றக் கூடாது. கீழ்க் கோர்ட்டுகளின் மீதான கட்டுப்பாடு அரசியல் சட்டத்தின் 235ஆவது பிரிவின்படி உயர் நீதிமன்றங்களிடம் இருக்கிறது. மனம் வைத்தால் அவை செய்யலாம். இரண்டு: சாட்சியத்தை ஒலி-ஒளிப் பதிவு செய்யலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ‘லாம்’ போதாது, ‘வேண்டும்’ என்று ஆக்குங்கள். அப்போது சாட்சியின் சொந்த மொழியும் முகமும் புதிய நீதிபதிக்குக் கிடைக்கும். பாதிக்கப்பட்ட பெண்ணை மறுபடி கூண்டில் ஏற்றவும் வேண்டாம். மூன்று: அப்படிப் பதிவு இல்லாத வழக்குகளில், முக்கியமான நேரடி சாட்சிகளை மீண்டும் விசாரிக்கக் கேட்கும் பழைய உரிமையைத் திருப்பித் தர வேண்டும்.

1945-ல் நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களை விசாரித்தபோது நான்கு நீதிபதிகளுடன் நான்கு மாற்று நீதிபதிகளும் விசாரணை நெடுகிலும் உடன் அமர்ந்திருந்தார்கள். ஒருவர் விழுந்தால் அனைத்தையும் கேட்ட இன்னொருவர் தயார்! அந்தப் பாதகர்களுக்கே அத்தனை ஏற்பாடு. குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாத ஒரு கூலித் தொழிலாளிக்கு, தன் வழக்கின் சாட்சிகளைக் கண்டும் கேட்டும் தீர்ப்பெழுதும் ஒரு நீதிபதியைக் கேட்பது அதிகமா?