ஸ்டார்ம்பிரேக்கர்: குட்டி ஜேம்ஸ் பாண்டுக்கு என்ன ஆச்சு?

14 வயதுப் பையன். அம்மா, அப்பா இல்லை. வளர்த்த அப்பாவின் சகோதரரும் கார் விபத்தில் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வங்கி வேலை பார்ப்பதாக அவன் நம்பிய அந்த மனிதர் உண்மையில் பிரிட்டிஷ் உளவாளி. நடந்தது விபத்து அல்ல, கொலை! அவர் பாதியில் விட்ட வேலையைப் பையன் முடிக்க வேண்டும் என்கிறது எம்ஐ6. கதையாகக் கேட்டால் பிரமாதம். படமாகப் பார்த்தால்தான் கொட்டாவி வருகிறது.

ஆன்டனி ஹொரோவிட்ஸ் 2000-ல் எழுதிய நாவல், ‘அலெக்ஸ் ரைடர்’ வரிசையில் முதல் புத்தகம். 2006-ல் ஜெஃப்ரி சாக்ஸ் இயக்கத்தில் படமானது. திரைக்கதையும் ஹொரோவிட்ஸேதான், அதனால் ‘நாவலைக் கெடுத்துட்டாங்க’ என்று வேறு யார் மீதும் பழி போட முடியாது. அலெக்ஸாக அலெக்ஸ் பெட்டிஃபர். கூடவே பில் நைய், மிக்கி ரூர்க், ஸ்டீஃபன் ஃப்ரை, ஆண்டி செர்கிஸ் என்று பெரிய பட்டாளம். யுவன் மெக்ரிகர் வந்த வேகத்தில் செத்துப்போகிறார்.

உளவு வேலைக்கு அலெக்ஸ் முதலில் மறுக்கிறான். உடனே, வீட்டில் அவனைக் கவனித்துக்கொள்ளும் ஜாக்கின் விசாவில் கை வைக்கிறார்கள். நீ வராவிட்டால் அவளை நாடு கடத்திவிடுவோம் என்று மிரட்டல். அவனுக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். ஓர் அரசாங்கமே அநாதைப் பையனை மிரட்டி வேலை வாங்குகிறது என்றால், பார்க்கும் பிள்ளைக்குக் கோபம் வர வேண்டாமா? படத்துக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. இழவு வீட்டின் ஈரம் காய்வதற்குள் பயிற்சி முகாம், அடுத்து பொம்மைக் கடை, அதில் நிண்டெண்டோ டிஎஸ். நாவலில் கேம் பாய் இருந்த இடத்தில் அப்போதைய புது மாடல். அந்தக் காட்சி அசல் விளம்பரம் மாதிரியே இருக்கிறது!

வில்லன் கதையும் இதே கதிதான். பள்ளியில் தன்னைக் கொடுமைப்படுத்தியவர் இன்று பிரதமர் என்பதற்காக, இலவச கம்ப்யூட்டர்களுக்குள் வைரஸை வைத்து பள்ளிக் குழந்தைகளைக் கொல்லத் திட்டமிடுகிறார். பகீர் என்றிருக்க வேண்டிய விஷயம். மிக்கி ரூர்க்கின் அலங்காரத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

சண்டைக் காட்சிகளை அமைத்தவர் ஹாங்காங் நடிகர் டோனி யென். கயிற்றைச் சுழற்றி அலெக்ஸ் போடும் சண்டை மட்டும் விசிலடிக்க வைக்கிறது. லண்டன் தெருக்களில் குதிரைச் சவாரியும் ஓகே.

சுமார் 4 கோடி டாலர் செலவு. உலக வசூல் 2.5 கோடியைக்கூடத் தொடவில்லை. இரண்டாம் பாகம் வரவே இல்லை. 2020-ல் வெப் சீரிஸாகத் திரும்பி வந்தபோது, முதல் நாவலைத் தாண்டி ‘பாயின்ட் பிளாங்க்’ கதையில்தான் தொடங்கினார்கள். ஆட்டோ ஃபேரன்ட் நடித்த அந்த அலெக்ஸுக்கு உளவு வேலை நிஜமாகவே பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிகிறது. மூன்று சீசன்கள் ஓடின. வீட்டில் பிள்ளைகள் ஸ்பை படம் கேட்டால் அதைப் போடலாம். துப்பாக்கியும் சாவும் கொஞ்சம் அதிகம் என்பதால், சின்னதுகள் தூங்கிய பிறகு!