டார்ச் வேறு, துப்பாக்கி வேறு

அமெரிக்காவில் வீட்டுக் காவலுக்கென்று வாங்கும் கைத்துப்பாக்கிகளில், குழலுக்கு அடியில் ஒரு சின்ன டார்ச்சை மாட்டிக்கொள்வது இப்போது சர்வசாதாரணம். போலீஸ்காரருக்கு அது தேவைதான். இன்னொரு கையால் அவர் கதவைத் திறக்க வேண்டியிருக்கும். குடும்பஸ்தன் படுக்கையறையில் அதற்கு என்ன வேலை?

டார்ச்சின் வெளிச்சம் எங்கே விழுகிறதோ, குழலும் அங்கேதான் பார்க்கும். சுட நினைக்காத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே என்பது ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளில் ஒன்று. நள்ளிரவில் சமையலறையில் சத்தம். யாரென்று பார்க்க இந்த டார்ச்சைப் போட்டால், தண்ணீர் குடிக்க எழுந்த பேரன் நெஞ்சுக்கு நேரே குழல் நிற்கும். ஆள் யாரென்று பார்க்கக் கையில் பிடிக்கும் சாதாரண டார்ச் போதாதா?

அடுத்தது, வைக்கும் இடம். டார்ச் மாட்டிய துப்பாக்கி பருத்துவிடுகிறது. சின்னப் பெட்டகத்தில் நுழையாது. விசைக்குப் போடும் பூட்டும் பல சமயம் சரியாக உட்காராது. கடைசியில் அது மேஜை டிராயருக்குப் போகிறது. பெட்டகம் வாங்கும்போது டார்ச்சோடு சேர்த்து அளவு பார்க்க வேண்டும். தோட்டாவை எடுத்துவிட்டு, அறை வழியாகக் கம்பிப் பூட்டைக் கோத்தால் டார்ச் குறுக்கே நிற்காது. பெட்டிக்குள் சுவிட்ச் அழுந்தினால் விளக்கு எரிந்து சூடேறும். ஆகவே பேட்டரியைக் கழற்றி வைப்பது நல்லது. பேட்டரி மாற்றும்போதும் முதலில் தோட்டாவை எடுக்க வேண்டும். கை குழல் வாய்க்குப் பக்கத்தில் அல்லவா வேலை செய்கிறது!

"பூட்டி வைத்தால் திருடன் வரும்போது என்ன செய்வது?" என்பார்கள். எண்ணை அழுத்தினால் சில நொடிகளில் திறக்கும் பெட்டகங்கள் கடையில் கிடைக்கின்றன. "உச்ச நீதிமன்றமே எங்கள் பக்கம்" என்று 2008 ஹெல்லர் தீர்ப்பைக் காட்டுவார்கள். தலைநகர் வாஷிங்டனில் துப்பாக்கியைக் கழற்றியோ பூட்டியோதான் வைக்க வேண்டும் என்றிருந்த விதியை அது ரத்து செய்தது உண்மை. ஆனால் விபத்தைத் தடுக்க, துப்பாக்கியை வைக்கும் முறைக்குச் சட்டம் போடுவதைத் தாங்கள் செல்லாது என்று சொல்லவில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதை மட்டும் வாசிக்க மாட்டார்கள்.

2005-ல் வந்த மத்தியச் சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரி கைத்துப்பாக்கியோடு பூட்டும் தர வேண்டும். வாங்கியவர் அதைப் போட வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பிரான்சில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் அதை கோஃப்ர்-ஃபோரிலோ, அதாவது இரும்புப் பெட்டகத்திலோ, உறுதியான அலமாரியிலோதான் வைக்க வேண்டும். தோட்டா தனியாக இருக்க வேண்டும். அங்கே யாரும் இதனால் சுதந்திரம் போயிற்று என்று அழவில்லை.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமெரிக்கா போகும் அன்பர்களே, பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன் கேளுங்கள்: துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா? மரியாதைக் குறைவு என்று தயங்காதீர்கள். பிள்ளையின் உயிரைவிட அந்த மரியாதை பெரிதில்லை.