சில்லுக் கழுவும் திராவகம்

சென்ற கிழமை என் தமக்கையார் மகன் தன் காரை எம் முற்றத்திற் கொணர்ந்து நிறுத்திவிட்டு முகம் வாடி நின்றான். முன்சில்லுகள் இரண்டிலும் வெண்படலம் படர்ந்து மினுக்கம் மங்கிக் கிடந்தது. "மாமா, பிறேக் தூசு கறுப்பாய்ப் பிடித்திருந்தது. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. மலசலகூடம் கழுவுகிற திராவகத்தை ஊற்றித் தேய்த்தேன். கறுப்பும் போயிற்று, மினுக்கமும் போயிற்று" என்றான்.

"எங்கே வைத்துக் கழுவினாய்?" என்று கேட்டேன்.

"கிணற்றடியில்தான்."

அவன் சில்லை எண்ணிக் கவலையுற்றான். எனக்கோ கிணற்றை எண்ணியே கவலை மிகுந்தது. அலொய் சில்லுக் கார்கள் நிற்கும் முற்றங்கள் இன்று நம் ஊர்களிற் பல. ஆதலின் சில்லுக் கழுவ எதனை வாங்குவது, எதனை விலக்குவது என்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

இத்தூசு எங்கிருந்து வருகின்றது? நம் தந்தையர் ஓட்டிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களை நினைத்துப் பாருங்கள். 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், அவை மண்ணெண்ணெயைக் குடித்து இருமிக்கொண்டு ஓடியதை என் வயதினர் மறந்திரார். அக்கார்களில் இருந்தவை உருளை வடிவான பிறேக்குகள். உராய்வு உருளைக்குள்ளே நிகழ்ந்தமையால் தூசும் பெரும்பாலும் உள்ளேயே அடங்கிக் கிடந்தது. இக்காலத்துக் கார்களின் முன்சில்லுகளிலோ வார்ப்பிரும்புத் தட்டொன்று திறந்தவாறே சுழல்கின்றது. அதனை இரு பக்கத்தாலும் பிறேக் கட்டைகள் கவ்விப் பிடிக்கின்றன. தேயும் இரும்பும் கட்டையும் நுண்துகளாகிச் சூட்டோடு பறந்து சில்லில் ஒட்டிக்கொள்கின்றன. பிறேக்கை மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்வதால், முன்சில்லுகளே அதிகம் கறுக்கும். ஈரமும் கடலுப்புக் காற்றும் சேர்ந்தால் அவ்விரும்புத் துகள் துருவேறி, சில்லின் மேற்பூச்சை இறுகப் பற்றிவிடும். பின்னர் வெறும் நீருக்கு அது அசையாது.

கழுவுமுன் ஒன்றைக் கவனியுங்கள். வலச்சில்லும் இடச்சில்லும் ஏறத்தாழ ஒரே அளவிற் கறுத்திருத்தல் இயல்பு. ஒன்று மட்டும் மிகக் கறுத்திருப்பின், அதன் பிறேக் விடுபடாமற் சிக்கிக்கொண்டிருத்தல் கூடும். அப்போது முதலில் அழைக்க வேண்டியவர் கராச்காரரே.

இனித் திராவகங்களுக்கு வருவோம். அலுமினியச் சட்டியிற் புளிக்குழம்பை இரவெல்லாம் வைத்திருத்தல் ஆகாதென்று நம் தாய்மார் அறிவர். குத்துவிளக்கை மினுக்கும் பழப்புளி அலுமினியத்தை அரித்துவிடும். அலொய் சில்லும் பெரும்பாலும் அலுமினியமே. அதன்மேல் இயற்கையாகவே மெல்லிய ஒட்சைட்டுப் படையொன்று படிந்து அதனைக் காக்கின்றது. பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 4 க்கும் 9 க்கும் இடைப்பட்டிருக்கும் வரையிலேயே அப்படை நிலைக்கும். அமிலம் மிகுந்தாலும் அது கரையும், காரம் மிகுந்தாலும் கரையும். அலுமினியம் ஈரியல்புள்ளது என்று உயர்தர வகுப்பு மாணவர் பரீட்சைத் தாளிற் பிழையின்றி எழுதுவர். என் மருகனும் எழுதியவனே. கிணற்றடிக்கு வந்ததும் அது மறந்துபோயிற்று.

மலசலகூடத் திராவகத்தில் இருப்பது பெரும்பாலும் ஐதரோகுளோரிக்கமிலம். அது சில்லின் பூச்சிலுள்ள சிறு கீறல்கள் வழியே புகுந்து உலோகத்தை அரிக்கும். எரிசோடா கலந்த அடுப்பு மினுக்கிகளும் அவ்வாறே கெடுக்கும். இவற்றினும் கொடியவை, சில்லுக்கென்றே விற்கப்படும் சில கடும் திராவகங்கள். போத்தலின் மேல் ஐதரோபுளோரிக்கமிலம் அல்லது அமோனியம் பைபுளோரைட்டு என்ற பெயரைக் கண்டால் அதனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அது தோலினூடே ஊறிச் சென்று உடலின் கல்சியத்தைப் பற்றும். செறிவு குறைந்ததாயின் பட்ட உடனே வலியும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வேதனை தொடங்கும். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறைய நீரால் கழுவிக்கொண்டு, வலிக்கும் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓடவேண்டும். சிறுவர் நடமாடும் வீட்டில் இத்தகைய போத்தலுக்கு இடமேது?

அங்ஙனமாயின் வாங்கத்தக்கது எது? அமிலமற்றது, பீ.எச். நடுநிலையானது என்று குறிக்கப்பட்ட சில்லுத் திரவம். இதிற் பெரும்பாலும் தயோகிளைக்கொலேற்று என்னும் இரசாயனம் இருக்கும். தலைமயிரைச் சுருட்டும் திரவங்களிலும் இதன் இனமே பயன்படுகின்றது. இது இரும்புத் துகளைப் பற்றிக் கரைக்கும்போது ஊதா நிறமாக மாறும். கூழ்முட்டை நாற்றமும் சற்று வீசும். நடுநிலை என்பதனால் தீங்கற்றது என்று கொள்ளற்க. கையுறை அணிந்தே பயன்படுத்துக. ஆண்டில் ஓரிரு முறைக்கு மேல் இது தேவைப்படாது.

ஏனெனில், கிழமைக்கொரு முறை கழுவும் சில்லில் தூசு வேர்கொள்ளாது. சில்லு குளிர்ந்தபின் முதலில் நீரால் நனைத்து, மென்மையான கார்ச் சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் துடையுங்கள். தும்பாலும் மணலாலும் தேய்த்தல் ஆகாது. சில்லுக்கு வைத்த வாளியையும் துணியையும் காரின் உடலுக்கு எடுத்தலும் ஆகாது. நம் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்த வன்னீர். காயவிட்டால் வெண்புள்ளி விழும். ஆதலின் உடனே ஈரத்தை ஒற்றிவிடுங்கள்.

பழைய காரைப் பேணுவோருக்கும் ஒரு சொல். என் சிறுவயதில் கராச்சில் உருளைப் பிறேக்கைக் கழற்றி, உள்ளிருந்த தூசைப் பம்பினால் ஊதுவர். அருகில் நின்று வேடிக்கை பார்ப்பேன். அக்காலப் பிறேக் உறைகளிற் கல்நார் இருந்தது. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகுத்துள்ளது. அத்தூசை ஊதலாகாது, ஈரத்துணியால் நனைத்துத் துடைத்தல் வேண்டும்.

இனிக் கிணற்றடிக்கு மீள்வோம். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லை. வழுக்கையாறும் மாரியில் மாத்திரமே ஓடும். நம் தாகம் தீர்ப்பது சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடே இறங்கித் தேங்கிய மழைநீரே. மழை இறங்கும் வழியால் திராவகமும் இறங்கும். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவால் நிலத்தடி நீர் மாசுற்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019 இல் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா வழங்கக் கட்டளையிட்டது. ஒரு போத்தல் திராவகம் அத்துணைப் பெரிய கேடு செய்யாதுதான். ஆயினும் ஊரெல்லாம் கிணற்றடியில் ஊற்றினால்? தூசும் முற்றாகத் தீங்கற்றதன்று. பிறேக் கட்டையின் செப்பு மழைநீரோடு ஓடி மீன்களுக்கு ஊறு செய்வதால், அமெரிக்காவின் கலிபோர்னியா, வாசிங்ரன் மாநிலங்கள் 2010 இல் அச்செப்பைக் குறைக்கச் சட்டம் இயற்றின.

ஆகவே சில்லைக் கிணற்றடியிற் கழுவாதீர்கள். இரசாயனம் தேவைப்படும் அந்த ஓரிரு நாளில், கழிவுநீரைத் தேக்கி அகற்றும் வசதியுள்ள சேவை நிலையத்துக்குக் காரைக் கொண்டு செல்லுங்கள்.

மருகன் புதிய சில்லுக்குக் காசு சேர்க்கின்றான். தமக்கையாரோ அக்கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, பெறுபேறு வரும்வரை அயல்வீட்டிலிருந்து குடிநீர் அள்ளிவருகின்றார்.